டிசேபிள் செய்த சர்வீஸ் ரீபூட்டில் மறுபடி எழுந்து வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

மதுரைக்காரன்:

2024 செப்டம்பரில் லினக்ஸின் பிரிண்டிங் சர்வீஸான கப்ஸில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்தபோது எல்லோரும் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பீர்கள். எங்கள் ஆபீசிலும் அதே கதைதான். பிரிண்டரே இல்லாத உபுண்டு மெஷின்கள் வரிசையாக இருந்தன. கப்ஸை நிறுத்தச் சொல்லி மேலிருந்து மெயில். ஷிப்டில் இருந்த தம்பி எல்லா மெஷினிலும் சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் (பூட்டில் தானாக எழாமல் செய்யும் கட்டளை) ஓட்டிவிட்டு டிக்கெட்டை மூடினான்.

அன்று இரவே கெர்னல் அப்டேட்டுக்காக ரீபூட். காலையில் பார்த்தால் யுடிபி 631 போர்ட் திறந்தே கிடக்கிறது. ஸ்டேட்டஸ் கேட்டால் ஒரே திரையில் இரண்டு வரி: மேலே 'டிசேபிள்டு', அதற்குக் கீழே பச்சை நிறத்தில் 'ஆக்டிவ், ரன்னிங்'. அந்த இரண்டு வரிகள் இன்னும் மனதை அரிக்கின்றன. ஆடிட்டர் வந்து கேட்டால் எந்த வரியைக் காட்டுவது?

கப்ஸை யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க லிஸ்ட்-டிபென்டன்சிஸ் கட்டளையை ரிவர்ஸ் ஆப்ஷனோடு ஓட்டியதும் ஆள் சிக்கினார்: நெட்வொர்க்கில் பிரிண்டர் தேடும் கப்ஸ்-பிரவுஸ்டு. அதன் யூனிட் ஃபைலில் (சர்வீஸை எப்படி எழுப்புவது என்று சொல்லும் ஃபைல்) கப்ஸ் கட்டாயம் வேண்டும் என்று 'ரிக்வயர்ஸ்' வரி இருக்கிறது. 631-இல் காது வைத்துக் காத்திருந்ததும் அதுவேதான், அந்த ஓட்டைக்கு வாசலும் அதுவேதான். டிசேபிள் செய்தால், பூட்டில் எழ வேண்டியவற்றைத் தொகுத்து வைக்கும் டார்கெட்டில் இருக்கும் சிம்லிங்க் (ஃபைலுக்கான சுட்டி) போகும், அவ்வளவுதான். வேறொரு சர்வீஸ் கூப்பிட்டால் அது எழுந்து வரத்தான் செய்யும். இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கடைவீதி சர்வர்:

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். எங்களிடம் வந்த ஒரு ஜவுளிக்கடையின் சர்வர், டெபியன். முந்தைய வெண்டர் அப்பாச்சி வெப்சர்வரை ஸ்டாப் மட்டும் செய்துவிட்டு, அதே 80-ஆம் போர்ட்டில் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப்சர்வரைப் போட்டு ஓட்டியிருக்கிறார். மாதக்கணக்கில் பிரச்சினையே இல்லை. ஆடித் தள்ளுபடி நேரத்தில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, மெஷின் அணைந்து எழுந்தது.

கடைக்காரர் போனில் கூப்பிட்டு, "தம்பி, நம்ம கடை வெப்சைட்டுல சேலை எதுவும் வரல, 'இட் வொர்க்ஸ்'னு ஏதோ வருது" என்றார். அப்பாச்சியின் டீஃபால்ட் பக்கம்! ஸ்டாப் செய்தது அந்த நிமிடத்தோடு சரி, எனேபிள் அப்படியே இருந்திருக்கிறது. பூட்டில் அப்பாச்சி முந்திக்கொண்டு போர்ட்டைப் பிடித்துவிட, என்ஜின்எக்ஸ் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று விழுந்துகிடந்தது. பழைய சர்வரை யாரிடமிருந்து வாங்கினாலும், பகலில் ஆள் இருக்கும்போதே ஒருமுறை ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள்.

மதுரை நண்பரே, உங்கள் கேஸில் மாஸ்க் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். மாஸ்க் செய்வது போல யூனிட்டை டெவ் நல் என்ற வெற்று ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் யார் கூப்பிட்டாலும் எழாது.

ரன்லெவல்5:

இந்தக் குழப்பமெல்லாம், பூட்டில் சர்வீஸ்களை எழுப்ப சிஸ்டம்டி வந்த பிறகு வந்ததுதான். ரெட் ஹேட் 2014-இல் 7-ஆம் பதிப்போடு மாறிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் பூட் ஸ்கிரிப்டுகள் வரிசையாக இருக்கும் ஆர்சி3 டைரக்டரியைத் திறந்தால் எல்லாம் கண் முன்னால் இருக்கும். எஸ்80 செண்ட்மெயில் என்றால் செண்ட்மெயில் என்ற மெயில் சர்வர் ஏறும், கே30 செண்ட்மெயில் என்றால் இறங்கும். செக்கான்ஃபிக் போட்டு ஆஃப் செய்தால் ஆஃப்தான், பின்வாசல் வழியாக யாரும் எழுப்பமாட்டார்கள்.

என் அனுபவம்: ஒரு மில்லில் இருந்த ரெட் ஹேட் மெஷின். பூட் ஆகும்போது 'ஸ்டார்ட்டிங் செண்ட்மெயில்' வரியில் வந்து நிற்கும். நிமிடக்கணக்கில் நிற்கும். ஹோஸ்ட்நேமை டிஎன்எஸ்ஸில் தேடிக் கிடைக்காமல் காத்திருக்கிறது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கிருந்த சூப்பர்வைசரோ மெஷின் செத்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் பவரை அணைத்துக்கொண்டிருந்தார். நான் போய், பூட்டின் தொடக்கத்தில் 'ஐ' எழுத்தை அழுத்தினேன். ஒவ்வொரு சர்வீஸாக "ஸ்டார்ட் செய்யட்டுமா?" என்று கேட்டது. செண்ட்மெயிலுக்கு 'என்' தட்டினேன், அடுத்த வரி ஓடியது. சூப்பர்வைசர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு அப்படி ஒரு சாவி எங்கே இருக்கிறது?

ஸ்டுடியோ லினக்ஸ்:

இருக்கிறது சார். கெர்னல் வரியில் 'சிஸ்டம்டி டாட் கன்ஃபர்ம் ஸ்பான்' என்று சேர்த்தால் ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒரே ஒரு சர்வீஸ்தான் பூட்டைத் தடுக்கிறது என்றால் 'சிஸ்டம்டி டாட் மாஸ்க்' என்று அதன் பெயரைக் கொடுங்கள். அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அது எழாது. பழையதில் எல்லாம் தெரிந்தது என்பதையும் ஏற்க முடியவில்லை. எஸ்80 என்பது வரிசை எண் மட்டும். எதற்காகக் காத்திருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. உங்கள் சூப்பர்வைசர் பவரை அணைத்ததே அதனால்தானே?

என் கதை சின்னது. நண்பரின் போட்டோ ஸ்டுடியோவில் ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா சர்வர், கல்யாணப் படங்கள் எல்லாம் யுஎஸ்பி டிஸ்க்கில். டிஸ்க் தாமதமானால் பூட் 90 விநாடி நிற்கிறது என்று யாரோ எஃப்எஸ்டேப்பில் (எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் மவுன்ட் ஆக, அதாவது இணைய வேண்டும் என்ற பட்டியல்) 'நோஃபெயில்' போட்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை எடிட்டிங் செய்யும் பெண் ஃபோல்டரைத் திறந்தால் காலி. சரி, புது வாரத்துக்குக் காலி செய்திருக்கிறார்கள் என்று நினைத்து முகூர்த்தப் படங்களை அதில் காப்பி செய்துவிட்டார். கேமரா கார்டையும் அழித்தாயிற்று. பத்து மணி வாக்கில் டிஸ்க் மவுன்ட் ஆனது. பழைய படங்கள் திரும்பி வந்தன, காலையில் போட்டவை காணோம். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

படங்கள் அழியவில்லை. டிஸ்க் வராதபோது ரூட் டிஸ்க்கில் உள்ள காலி ஃபோல்டரில் விழுந்து, பிறகு மவுன்ட்டுக்கு அடியில் மறைந்திருந்தன. ரூட்டை வேறொரு இடத்தில் பைண்ட் மவுன்ட் செய்து எடுத்துக்கொடுத்தேன்.

இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். நோஃபெயில் போட்டால் டிஸ்க் இல்லாமலும் பூட் ஆகும் என்பது பாதிதான். லோக்கல் டிஸ்க்குகளை மவுன்ட் செய்து முடிக்கும் கட்டமான லோக்கல்-எஃப்எஸ் டார்கெட் அதற்காகக் காத்திருக்காது என்பது மறுபாதி. அதனால் அந்த டிஸ்க்கை நம்பியிருக்கும் சர்வீஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு, யூனிட் பகுதியில் 'ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்' வரியில் டைரக்டரி பாதையைக் கொடுங்கள். டிஸ்க் வராவிட்டால் சாம்பாவும் எழாது, காலி ஃபோல்டரை யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரிஜினல் யூனிட் ஃபைலில் நேரடியாகக் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் போய்விடும். எடிட் உருவாக்கும் ஓவர்ரைடு ஃபைல் தங்கும். அப்புறம், எனேபிள் செய்தால் உடனே ஓடும் என்றும் நினைக்காதீர்கள், அதற்கு 'நவ்' ஆப்ஷன் வேண்டும்.

மதுரைக்காரன்:

ஸ்டுடியோ நண்பரே, படங்கள் கிடைத்ததைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

கடைவீதி அண்ணா, மாஸ்க் பற்றி: நாங்களும் கடைசியில் அதைத்தான் செய்தோம், கப்ஸுக்கும் கப்ஸ்-பிரவுஸ்டுக்கும். ஆனால் பிறகு ஒரு பிரிவுக்குப் பிரிண்டர் வந்தது. அதைப் பொருத்த வந்த வெளியாள் காலையிலிருந்து மாலை வரை டிரைவரை மாற்றி மாற்றி நிறுவிக்கொண்டிருந்தார். 'யூனிட் இஸ் மாஸ்க்டு' என்று டெர்மினலில் தெளிவாக வந்திருக்கும், அவர் டெர்மினலையே திறக்கவில்லை. இப்போது மாஸ்க் போட்ட சர்வீஸ்களின் பட்டியலை ஒவ்வொரு மெஷினின் டிக்கெட்டிலும் ஒட்டிவைக்கிறோம். லிஸ்ட்-யூனிட்-ஃபைல்ஸ் கட்டளைக்கு ஸ்டேட் மாஸ்க்டு என்று கொடுத்தால் வந்துவிடும்.