திரையில் 'பிரிண்டிங்', மெஷினில் 'ரெடி': ஆபீஸ் பிரிண்டர் இழுத்தடித்த அனுபவங்கள்

நெல்லை சர்வீஸ்:
ஆடிட்டர் ஆபீஸ், ஒன்பது கம்ப்யூட்டர், ஒரே லேசர் பிரிண்டர். ஜூலை கடைசி வாரம், ரிட்டர்ன் வேலை தலைக்கு மேல. கியூவில் 'பிரிண்டிங்'னு ஓடுது, மெஷின் திரையில் 'ரெடி'ன்னு அசையாம நிக்குது. முழுசா மூணு நிமிஷம் கழிச்சுத்தான் முதல் தாள் வந்துச்சு. அந்த ரெண்டு திரையும் ஆளுக்கொரு கதை சொன்னது இன்னும் மனசை விட்டுப் போகலை.

பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்ல போர்ட்ஸ் டேபைத் திறந்தா ஒன்பதிலும் டபிள்யூஎஸ்டி போர்ட், அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டரைத் தானா தேடிப் பிடிக்கிற வழி. விண்டோஸ் தானா பிரிண்டரைச் சேர்க்கும்போது பல நேரம் இதைத்தான் போடும். மெஷின் தூங்கி எழுந்தாலோ ஐபி (நெட்வொர்க் முகவரி) மாறினாலோ மறுபடி தேடிப் பிடிக்கணும், நேரம் அங்கேதான் போகுது. அதனால போர்ட்டை மாத்தினேன்: ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட், பிரிண்டரின் ஐபி, புரோட்டோகால் 'ரா' (டேட்டாவை அப்படியே அனுப்புறது), போர்ட் எண் 9100. ரூட்டரில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க்கில் மெஷினோட அடையாள எண்) அதே ஐபியை ரிசர்வ் பண்ணியாச்சு. பிறகு பத்து விநாடிக்குள்ள தாள் வெளியே.

கோவை லேன்:
போர்ட்டை மாற்றினால் போதும் என்று பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அது சரியில்லை. அந்த போர்ட்ஸ் டேபில் உள்ள கான்ஃபிகர் போர்ட் பக்கத்தில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' டிக் இருக்கும். விண்டோஸ் பிரிண்டரின் நிலையை நெட்வொர்க் வழியே கேட்டுக்கொள்ளும் வசதி அது. அதற்குக் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி பெயர் 'பப்ளிக்' என்று இருக்கும். பிரிண்டரில் அது மாற்றப்பட்டிருந்தால் கேள்விக்குப் பதில் வராது. நல்ல மெஷினையே 'ஆஃப்லைன்' என்று விண்டோஸ் காட்டும். டிக்கை எடுங்கள்.

நான் பார்த்தது வேறு. இரண்டு பக்கக் கடிதம் உடனே வருகிறது, 40 பக்க ரிப்போர்ட் இருபது நிமிடம். பிங் (சின்னச் சோதனைச் செய்தி) போட்டால் ஒரு மில்லிசெகண்டில் பதில், அதனால் கேபிள் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சின் போர்ட்டில் யாரோ '100 ஃபுல்' (100 எம்பிபிஎஸ், இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாம்) என்று கையால் பூட்டி வைத்திருந்தார்கள். பிரிண்டர் ஆட்டோவில் (எதிர்ப்பக்கத்தோடு பேசி முடிவு செய்யும் நிலை) இருந்தது. எதிர்ப்பக்கம் பேச்சுவார்த்தைக்கே வராவிட்டால் ஆட்டோவில் இருக்கும் பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பலாம்) இறங்கிவிடும். சின்ன பிங் ஒவ்வொன்றாய்ப் போய்வருவதால் மோதாது. பெரிய ஜாப் போகும்போது இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும், அங்கேதான் மோதல். சுவிட்சின் கவுண்டரில் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த டேட்டா) ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இரு முனையையும் ஆட்டோவில் விட்டதும் தீர்ந்தது.

சேலம் டிடிபி:
லேன் சார் சொல்றது சரி, ஆனா எல்லாத்துக்கும் வயரைப் பிடிக்க வேண்டாம். இங்கே மாட்டினது ஃபைல். 3 எம்பி பிடிஎஃப், பக்கத்துக்குப் பக்கம் டிரான்ஸ்பரன்சியோட (பின்னால இருக்கிறது ஊடுருவித் தெரியுற மாதிரி) ஒரு சீல் படம். பிரிண்ட் கொடுத்துட்டு, சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் ஃபோல்டரைத் திறந்து வெச்சேன். பிரிண்டருக்குப் போகக் காத்திருக்கிற எஸ்பிஎல் ஃபைல் கண்ணு முன்னாடியே 400 எம்பி தாண்டிச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. ஏ4 தாள் 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) 4960 பெருக்கல் 7016 புள்ளி, கிட்டத்தட்ட மூணரைக் கோடி. ஒரு புள்ளிக்கு மூணு பைட் கலர்னா சுருக்காத நிலையில் ஒரு பக்கம் 104 எம்பி. 100 எம்பிபிஎஸ் லைன்ல அதுக்கே எட்டு விநாடிக்கு மேல. 1200 டிபிஐ வெச்சா நாலு மடங்கு. கறுப்பு வெள்ளை மெஷின்னா கிரேஸ்கேல், 600 போதும். போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர்ல திணறினா அதே மெஷினுக்கு பிசிஎல்6 (பக்கத்தை மெஷினுக்கு விவரிக்கிற இன்னொரு மொழி) டிரைவரைத் தனியா ஒரு பிரிண்டரா சேர்த்து ஒப்பிடுங்க.

மதுரை மெயின்டனன்ஸ்:
என் பங்குக்கு ஒன்றுதான்: வேர்டு திறக்கவே அரை நிமிடம் ஆன கம்ப்யூட்டர். டீஃபால்ட்டாக இருந்தது கழற்றி எடுத்துப் போன பழைய நெட்வொர்க் பிரிண்டர். டீஃபால்ட்டை மாற்றியதும் சட்டென்று திறந்தது.

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் ஒரு வரிசை சொல்கிறேன். எதையும் தொடும் முன் பிரிண்டரின் சொந்தத் திரையிலிருந்தே கான்ஃபிகரேஷன் பக்கம் எடுங்கள். அதுவே தாமதமானால் நெட்வொர்க்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தாள் இழுக்கும்போதே மெதுவாக ஓடினால் ட்ரேயில் பேப்பர் வகையைப் பாருங்கள். யாரோ ஒருநாள் லேபிள் அடிக்க 'திக்' என்று வைத்து மறந்திருப்பார்கள். ஃபியூசர் (டோனரைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பகுதி) தடித்த தாளுக்குச் சூடு ஏற்ற வேண்டியிருப்பதால் மெஷினே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கவர் போன்ற குறுகலான தாளிலும் இதே நிலைதான்: தாள் படாத ஓரங்களில் சூடு ஏறிவிடுவதால் நின்று நின்று போகும்.

கியூவில் பழைய ஜாப் சிக்கியிருந்தால் சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை (கியூவை நடத்தும் சேவை) நிறுத்தி, சேலம் நண்பர் சொன்ன அந்த ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழித்து, மறுபடி ஓடவிடுங்கள். ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். எல்லாருடைய காத்திருக்கும் ஜாபும் போய்விடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு கம்ப்யூட்டர் வழியாகப் பகிர்ந்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாமல் வையுங்கள்.

நெல்லை சர்வீஸ்:
கோவை சார், நீங்க சொன்ன எஸ்என்எம்பி டிக்கை அந்த ஒன்பதிலும் போய்ப் பார்த்தேன். ரெண்டுல அப்படியே இருந்துச்சு, அந்த ரெண்டுதான் மதியத்துக்கு மேல 'ஆஃப்லைன்' காட்டினவை. எடுத்தாச்சு.