மரியா தீவு (டாஸ்மேனியா, ஆஸ்திரேலியா) 4 நாள் நடை: வழிகாட்டியோடா, நாமேவா?

நடைராஜா:
பிப்ரவரியில் மூணு பேர் போகிறோம். அப்பாவுக்கு 61, தினமும் நடப்பவர், ஆனால் முதுகில் மூட்டை சுமந்து பழக்கமில்லை. வழிகாட்டியோடு போகும் 4 நாள் நடைக்குக் காசு நிறைய ஆகுது. கூடாரம் எடுத்துக்கிட்டு நாமே போனா சமாளிக்கலாமா? வாம்பட் (வளையில் வாழும் குட்டையான, பருத்த பைம்மா விலங்கு) பார்க்கணும், கைதிகள் காலத்துக் கட்டடங்களும் பார்க்கணும். பிஷப் அண்ட் கிளர்க் மலை ஏற முடியுமா?

உப்புக்காற்று:
மூட்டை பழக்கமில்லைன்னா வழிகாட்டி நடைதான். தீவில் ஒரு கடைகூட கிடையாது, பயணிகளுக்கு வண்டியும் கிடையாது. நாமே போனால் அரிசியிலிருந்து அடுப்பு கேஸ் வரை முதுகில் ஏறும். குப்பையையும் திரும்பச் சுமந்துதான் வரணும். வழிகாட்டி நடையில் சமையலும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. அப்படியும் பை 8 கிலோவைத் தாண்டாமல் பாருங்க. தெற்கே ரீட்ல் விரிகுடா பக்கம் நீண்ட மணல். காய்ந்த மணலில் கால் புதைந்து கெண்டைக்கால் பிடிச்சுக்கும். அலை நனைத்து இறுகிய விளிம்பிலேயே நடக்கச் சொல்லுங்க.

நாமேதான் போவோம்னா, எதிர்க்கரை ஊரான ட்ரையபன்னாவிலிருந்து வரும் படகு வடக்கே டார்லிங்டனில் இறக்கும். அங்கிருந்து ஃப்ரெஞ்ச்ஸ் ஃபார்ம் கூடாரத்திடல் 11 கி.மீ. கூடாரமே வேண்டாம்னா டார்லிங்டனில் பழைய சிறைக்கூடத்து அறைகளில் தங்கலாம். மெத்தை உண்டு, போர்வை, மின்சாரம் இல்லை. கோடைக்கு மாதக்கணக்கில் முன்னாடியே நிரம்பிடும். தொட்டித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீங்க.

பூமரம்:
வாம்பட்டைத் தேடி அலையவே வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் டார்லிங்டன் புல்வெளிக்குத் தானே மேய வரும். பாதையில் சாணி சதுரக் கட்டியாகக் கிடந்தால் அதோடதுதான். படம் எடுக்கிற ஆசையில் அதுக்கும் வளைக்கும் நடுவே நிற்காதீங்க.

டாஸ்மேனியன் டெவில் என்ற இறைச்சி தின்னும் பைம்மா விலங்கு இரவில்தான் நடமாடும். முகக்கட்டி நோய் அந்த இனத்தையே தின்னுக்கிட்டிருந்ததால், நோயில்லாதவற்றை 2012இல் இங்கே கொண்டுவந்து விட்டாங்க. அவை பெருகின; தீவில் இருந்த குட்டிப் பென்குயின்கள், சுமார் 3,000 இணைகள், ஒழிந்தே போச்சு. மரியாவில் பென்குயின் பார்க்கலாம்னு எங்கேயாவது போட்டிருந்தால் அது பழைய தகவல்.

பெயின்டட் கிளிஃப்ஸ் என்ற கடலோரப் பாறைச் சுவருக்குக் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்க; முன்பின் 2 மணி நேரம் சரி. மணற்கல்லில் கசிந்த நீரோடு வந்த இரும்புத் துருதான் அந்த வளையம் வளையமான நிறம். மேற்கு பார்த்த பாறை, அதனால் மதியத்துக்கு மேல் எடுப்பாத் தெரியும்.

தென்துருவன்:
டார்லிங்டனுக்கு ஒரு முழு நாள் வைங்க. 1825இல் தொடங்கி 1832 வரை ஒரு முறை, 1842–50 இன்னொரு முறை பிரிட்டிஷார் கைதிகளை இங்கே வச்சிருந்தாங்க. 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஆஸ்திரேலியக் கைதித் தலங்கள் 11இல் இதுவும் ஒண்ணு. எல்லாரும் தவறவிடுவது கல்லறைத் தோட்டம்: நியூசிலாந்தில் பிரிட்டிஷாரை எதிர்த்ததால் நாடு கடத்தப்பட்ட மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி) கைதி ஹோஹெபா தே உமுரோவா 1847இல் இங்கேயே இறந்தார். கல் அங்கேதான் இருக்கு. உடலின் மிச்சத்தை 1988இல் சொந்த ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்க.

தீவுக்கு ‘மரியா’ன்னு பேர் வைத்தது 1642இல் டச்சு மாலுமி தாஸ்மன், பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) டச்சு கவர்னர் ஜெனரலின் மனைவி பேரில். பழவேற்காட்டில் கோட்டை வச்சிருந்த அதே டச்சுக் கம்பெனி ஆட்கள்தான்.

பிஷப் அண்ட் கிளர்க் சுமார் 620 மீட்டர். போய்வர 4–5 மணி நேரம். காட்டுப் பாதை வரை அப்பா தாராளமாக நடப்பார். கடைசியில் சரளைக்கல் சரிவு, அதுக்கு மேல் கையையும் ஊன்றி ஏறணும். அங்கே இருக்கிற டாலரைட் என்ற கருங்கல் வகைப் பாறை நனைஞ்சா வழுக்கும். மழையோ பலத்த காற்றோ இருந்தால் சரளைக்குக் கீழேயே திரும்பிடுங்க.

நடைராஜா:
நன்றி, வழிகாட்டியோடவே போறோம். பூச்சி, பாம்பு?

உப்புக்காற்று:
டாஸ்மேனியாவில் பாம்பு மூணு வகை, மூணுமே விஷம். புல் பாதையில் முழங்கால் வரை கெய்ட்டர் (காலைச் சுற்றி மாட்டும் தடித்த துணி உறை) போட்டால் போதும். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஜாக் ஜம்பர் எறும்பு. கொட்டினால் சிலருக்கு ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும். அப்பாவுக்குக் குளவி, தேனீக் கடி எப்போதாவது ஒத்துக்காமல் போயிருந்தால் மருத்துவரைப் பார்த்துட்டுக் கிளம்புங்க, வழிகாட்டியிடமும் சொல்லிடுங்க.

பூமரம்:
கரவாங் பறவையை விட்டுட்டீங்களே. காக்கா மாதிரி இருக்கும், ஜிப்பை அலகால் இழுத்தே திறந்துடும். பையை வெளியே விட்டால் ஜிப் முனை இரண்டையும் கொக்கியில் சேர்த்து மாட்டுங்க. இன்னொண்ணு, காற்று அதிகமானால் படகை நிறுத்திடுவாங்க, அதனால் ஹோபார்ட்டிலிருந்து (டாஸ்மேனியாவின் தலைநகர்) கிளம்பும் விமானத்தைத் திரும்புற அன்றைக்கே போடாதீங்க.