லட்லோ ஊருக்கு யாராச்சும் போயிருக்கீங்களா?

பாளையங்கோட்டைக்காரன்:
மவன் பர்மிங்காம்ல இருக்கான், ஜூன்ல நானும் அவன் அம்மையும் போறோம். லண்டன் கூட்டத்துல நம்மால அலைய முடியாது. லட்லோன்னு ஒரு சின்ன ஊரு, கோட்டை இருக்குன்னு கூட வேல பாக்குறவரு சொன்னாரு. ஒரு நாள் போட்டு போலாமா? வீட்டுக்காரிக்கு முட்டுவலி பாத்துக்கிடுங்க.

ஆத்தங்கரையான்:
அண்ணாச்சி, கண்ண மூடிட்டு போங்க. வேல்ஸ் எல்லையோரம், டீம் ஆத்துக்கு மேல மேட்டுல இருக்கு. கோட்டைய 11ஆம் நூற்றாண்டு கடைசில லேசி குடும்பம் கட்ட ஆரம்பிச்சது, இப்ப முக்காவாசி மொட்டச் சுவருதான், ஆனா கத இருக்கே. இங்கிலாந்து ராசா எட்டாம் ஹென்றியோட அண்ணன் ஆர்தர், 15 வயசு, கல்யாணமாயி அஞ்சு மாசம் ஆவல, 1502 ஏப்ரல்ல இங்கனதான் செத்தான். பொண்டாட்டி கேத்தரின 1509ல தம்பிக்கே கட்டி வச்சாவ, பெறவு அந்தத் தம்பி அவள தள்ளி வைக்கணும்னு போப்போட மல்லுக்கு நின்னுதான் இங்கிலாந்து சர்ச்சே தனியா பிரிஞ்சுது. நம்மூரு ஊசிக்கோபுரம் சர்ச்சு வரைக்கும் வாலு நீளுது பாருங்க!

அம்பை மருமவ:
செயின்ட் லாரன்ஸ் சர்ச்ச விட்டுறாதீங்க. கோபுரம் 200 படி, அக்காவ ஏத்தாதீங்க. உள்ள பாட்டுக்காரங்க உக்கார்ற மரச் சீட்ட தூக்கி விட்டிருப்பாங்க, அடியில செதுக்குவேல. ஒண்ணுல அளவுல ஏமாத்துன பீர்க்காரிய பேய் தோள்ல போட்டு நரகத்துக்குத் தூக்கிட்டுப் போவுது, கையில அந்தக் கள்ள அளவு ஜாடிய இன்னும் விடல அவ. எனக்கு கிருஷ்ணாபுரம் கோயில்ல ராசகுமாரியத் தூக்கிட்டுப் போற குறவன் செலதான் நெனப்புக்கு வந்துச்சு.

ரயில்ல வழியில ஒரு வண்டி மாறணும், நாங்க ஹெரிஃபோர்டுல மாறுனோம், அடுத்த வண்டிய விட்டுட்டு பிளாட்பாரத்துலயே கட்டுச்சோத்தப் பிரிச்சிட்டோம்.

பாளையங்கோட்டைக்காரன்:
ரொம்ப நன்றிம்மா. சந்தை உண்டா? அவளுக்கு அது போதும்.

ஆத்தங்கரையான்:
கோட்டை வாசல்லயே, திங்கள் புதன் வெள்ளி சனி. ஃபெதர்ஸ்னு 1619ல கட்டுன மரச்சட்ட வீடும் பக்கந்தான், வெளிய நின்னு பாத்தாலே போதும். கீழ ஆத்துமேல இருக்க டின்னம் பாலத்துக்கு மட்டும் நடக்க வேண்டாம், எறங்கும்போது ஒண்ணுந் தெரியாது, திரும்பி ஏறயில அக்கா உங்களத்தான் வையும்.