மறு: டிஃபிகல்ட்டி லெவல் – "கடினநிலை" வேண்டாம், "கடுமை" போதும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> "கடினநிலை" என்றே வைத்துவிடலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், அக்கா. ஆனால் இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் (குடியிருப்பு) பையன்கள் செய்துவரும் துப்பாக்கி கேமின் மெனுவைத் தமிழில் போட உட்கார்ந்தபோது, டிஃபிகல்ட்டி லெவலுக்கு, அதாவது ஆட்டம் எவ்வளவு சவாலாக இருக்க வேண்டும் என்று ஆடுபவர் தேரும் இடத்துக்கு, அந்தச் சொல் இரண்டு வகையில் இடறியது.

ஒன்று, "நிலை". தனியாள் கதையாட்டத்தின் களங்களுக்கு நிலை 1, நிலை 2 என்று ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று. "கடினநிலை 2" என்றதும் ஒரு பையன் இரண்டாம் களத்துக்குப் போகலாம் என்று அழுத்திவிட்டான். "படிநிலை" என்று மாற்றினேன். தமிழ்ப்பள்ளியில் முதல் மூன்று ஆண்டுகள் படிநிலை 1, அடுத்த மூன்று படிநிலை 2 அல்லவா? ஆறாம் ஆண்டுப் பையன் யோசிக்காமல் இரண்டைத் தொட்டான். "கடுமைப்படி" என்றால் "கடுமையின்படி" என்று காதில் விழுகிறது.

இன்னொன்று "கடினம்". என் மனத்தை உறுத்துவது இதுதான். கணக்கு கடினம், பாறை கடினம் என்கிறோம். அவை சும்மா கிடக்கின்றன, நமக்குத்தான் முடியவில்லை. சுடும் கேமில் அப்படியா? கால் ஆஃப் டூட்டி என்ற சுடும் கேமில், மிக லேசான ரெக்ரூட்டை விட்டு மிகக் கடுமையான வெட்டரனுக்குப் போனால் கதையும் களமும் அதேதான். ஆனால் இரண்டு மூன்று தோட்டாவில் ஆள் சாய்ந்துவிடுகிறோம். எதிரி நம்மிடம் நடந்துகொள்ளும் விதம்தான் மாறுகிறது.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் இவ்விரண்டையும் பிரித்துத்தான் பேசுவார். "மேட்டு நிரை (மேட்டில் உள்ள மர வரிசை) கஷ்டம்" என்பார். "புது மண்டோர் (மேற்பார்வையாளர்) ரொம்பக் கடுமை" என்பார். மேடு யாரையும் தேடி வராது. மண்டோர் மரம் மரமாக, பட்டையில் கத்தி பட்ட காயம் பார்த்துக்கொண்டு வருவார். கேமில் நம்மைத் தேடி வருகிறவனுக்கும் அந்தச் சொல்தான் பொருந்தும்.

அதனால் தலைப்பு: "எந்தக் கடுமையில் ஆடுகிறீர்கள்?" அதன் கீழே மென்மை, மிதம், கடுமை, கொடுமை. ஹேலோ என்ற சுடும் கேமிலும் நான்குதான், எண்ணிக்கை இடிக்காது. "எளிது" என்று போடவில்லை. கடுமைக்கு எதிர்ச்சொல் மென்மை.

---

மறுமொழி:

தம்பி, அம்மா பிரித்துப் பேசியது அழகு. ஆனால் 1993இல் வந்த டூம் என்ற சுடும் கேம் "ஸ்கில் லெவல்" (திறன் நிலை) என்று ஆடுபவரின் திறனைத்தானே கேட்டது? 2007இல் வந்த கால் ஆஃப் டூட்டி 4 முதலில் ஒரு பயிற்சி ஓட்டம் ஓடவிட்டு, எடுத்த நேரத்தைப் பார்த்து இன்னதை எடு என்று சொல்கிறது. அளப்பது நம்மை. அப்படியிருக்க எதிரியின் பெயரை ஏன் வைக்க வேண்டும்? "கொடுமை" எனக்குச் சம்மதமில்லை. வீட்டில் அடிவாங்கும் பெண்களைப் பற்றிச் சொல்லும் சொல் அது, விளையாட்டு மெனுவில் வரக் கூடாது.

---

மறுமொழி:

அக்கா, பயிற்சியில் அளப்பது நம் திறன், அதைக் கொண்டு தேர்ந்து தருவது எதிரியின் கடுமை. இரண்டு சொல்லும் ஒரே வரியில் வரட்டுமே: "உங்கள் திறனுக்கு மிதமான கடுமை பொருந்தும்." கடினநிலை என்றால் இந்த வரி எழுத வராது, எழுதிப் பார்த்தேன்.

டூமும் பெயரில்தான் திறன் என்கிறது. உள்ளே பாருங்கள். முதல் தேர்வில் நமக்கு விழும் அடி பாதியாகிறது, நான்காவதில் அரக்கர்கள் கூடுகிறார்கள், ஐந்தாவதில் செத்தவர்களே எழுந்து வருகிறார்கள். தோட்டா மட்டும் இதில் சேராது. முதல் தேர்விலும் ஐந்தாவதிலும் அது இரட்டிப்பாகவே கிடைக்கும். ஆகவே கடுமையை நம் பையில் இருப்பதைக் கொண்டு அளக்க முடியாது.

"கொடுமை" பற்றிச் சொன்னது சரி. நான் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை, எடுத்துவிட்டேன். இப்போதைக்கு "உச்சம்" என்று போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் ஆடிப் பார்ப்பார்கள். அதற்குள் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.