பள்ளிக் கட்டுரைக்கு விக்கிப்பீடியாவை ஏற்கலாமா?

தக்கலை ஆசிரியை:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், திருவிதாங்கூர் படை டச்சுக்காரரை வென்ற குளச்சல் போரைப் பற்றி எழுதிவரச் சொன்னேன். பாதிப் பேர் விக்கிப்பீடியாவை அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இனி அதை ஏற்கமாட்டேன். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் எழுதியதற்கு யார் பொறுப்பு? 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்டு ஒருவர் எழுதிய பொய், ஏறத்தாழ நான்கு மாதம் அந்தத் தளத்திலேயே கிடந்தது.

குளச்சல்காரன்:
டீச்சர், அச்சில் வந்தால் மட்டும் பிழை இருக்காதா? எங்கள் ஊர்ப் போரையே பாருங்கள். 1741 ஜூலை 31 என்று சில நூல்கள் சொல்கின்றன, ஆகஸ்ட் 10 என்று வேறு சில சொல்கின்றன. ஒரே புத்தகத்தைப் படிக்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு முரண் இருப்பதே தெரியாது. அதே 2005இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழ், விக்கிப்பீடியாவிலும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்திலும் 42 அறிவியல் தலைப்புகளில் உள்ள கட்டுரைகளை வல்லுநர்களிடம் கொடுத்துச் சோதித்தது. விக்கிப்பீடியாவில் 162 பிழைகள், பிரிட்டானிக்காவில் 123. பிரிட்டானிக்கா நிறுவனம் அந்த ஆய்வு முறையை ஏற்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இல்லையே!

வடசேரி வாசகர்:
அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்கு உரியது, தம்பி. அங்கே ஒரு பக்கத்தைப் பலர் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். சிறிய மொழிகளில் அந்தக் காவல் இல்லை. ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் அந்த மொழியே சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிக் குவித்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து 2020இல்தான் அது பெரிதாக வெளியே தெரிந்தது. நம் வள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலை 95 அடி, பீடம் 38 அடி, சேர்த்துத்தான் 133. சிலை மட்டுமே 133 அடி என்று யாரேனும் மாற்றிவிட்டால் தமிழில் அதை எத்தனை பேர் கவனிப்பார்கள்?

குளச்சல்காரன்:
அதனால்தான் நாம் உள்ளே போக வேண்டும் என்கிறேன், அண்ணாச்சி. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதெல்லாம் ஒவ்வொரு பக்கத்தின் ‘வரலாறு’ பகுதியிலும் இருக்கிறது. பழைய வடிவத்தை உடனே மீட்கலாம். அச்சான புத்தகத்தில் பிழை இருந்தால் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். டீச்சர், பிள்ளைகளை உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, கட்டுரையை அவர்களே திருத்தட்டும்.

தக்கலை ஆசிரியை:
கோட்டைக்கு அழைத்துப் போகிறேன். ஆனால் நேரில் பார்த்ததை மட்டும் வைத்து அங்கே எழுத முடியாதே. வெளியான சான்று வேண்டும் என்பது அவர்களுடைய விதி. நல்ல விதிதான். ஆனால் நம் மாவட்டத்துக் குளங்களையும் கடற்கரை ஊர்களையும் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அதற்குச் சான்று எங்கே தேடுவது? அச்சில் ஏறியவனின் வரலாறு மட்டும்தான் அங்கேயும் நிற்கும். பிள்ளைகள் அதை முழு உண்மை என்று நம்பிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வடசேரி வாசகர்:
டீச்சர் சொல்வது சரி. அதை முதலில் நாமே அச்சில் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே அச்சில் இருப்பதைக்கூட நாம் முழுதாகப் பயன்படுத்தவில்லை. திருவிதாங்கூரின் வரலாற்றையும் விவரங்களையும் தொகுத்த நாகம் ஐயாவின் ‘திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்’ 1906இல் வந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிள்ளைகள் விக்கிப்பீடியாவைப் பார்க்கட்டும். கட்டுரையின் கீழே மட்டும் மூலநூலின் பெயரும் பக்க எண்ணும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.