சம்பளமும் இருக்கு, வெளி வேலையும் இருக்கு – ஐடி ரிட்டர்ன்ல நான் பட்டது

மேல ஒருத்தர் "வெளி வேலை காசுல டிடிஎஸ்தான் (காசு குடுக்குறவங்களே முன்னாடி புடிக்கிற வரி) புடிச்சுட்டாங்களே, அப்புறம் ரிட்டர்ன்ல காட்ட என்ன இருக்கு"ன்னு கேட்டிருந்தீங்க, அதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல, 2024ல நானும் அதே நினைப்புலதான் இருந்தேன்.

மதுரைல ஒரு ஆர்க்கிடெக்சர் காலேஜ்ல பாடம் எடுக்கிறேன். 2023-24ல சம்பளம் 6.40 லட்சம். காலேஜ்ல சொல்லி அனுமதி வாங்கித்தான் சாயந்திரம் வீட்டுல பிளான் போட்டுக் குடுக்கிறேன். அந்த வருஷம் ஒரு பில்டர்கிட்ட 1.80 லட்சம் ஃபீஸ், அதுல 194ஜே-ல (தொழில் ஃபீஸுக்கு டிடிஎஸ் புடிக்கிற பிரிவு) 10 பர்சென்ட், 18,000 புடிச்சுட்டுக் குடுத்தாங்க. வீடு கட்டுறவங்க நேரா ஜிபேல அனுப்புனது ஒரு 95,000.

ஜூலைல வழக்கமா ஃபைல் பண்ற ஒருத்தர்கிட்ட ஃபார்ம் 16 (காலேஜ்ல குடுக்கிற சம்பள, வரி சான்று) மட்டும் குடுத்தேன். அவர் ஐடிஆர்-1 (சம்பளக்காரங்க போடுற எளிய ரிட்டர்ன் ஃபார்ம்) போட்டு சம்பளத்த மட்டும் காட்டிட்டு, 26ஏஎஸ்-ல (நம்ம பேர்ல புடிச்ச வரியெல்லாம் காட்டுற ஸ்டேட்மென்ட்) இருந்த அந்த 18,000-ஐ அப்படியே ரீஃபண்ட் கேட்டுட்டார். நானும் வேற எதுவும் கேக்கல, ரீஃபண்ட் வருதுன்னு சந்தோஷமா இருந்தேன்.

ஆகஸ்ட் கடைசில மெயில் வந்துச்சு. 139(9) பிரிவுல நோட்டீஸ், டிஃபெக்டிவ் ரிட்டர்ன், அதாவது ரிட்டர்ன்ல குறை இருக்குன்னு. டிடிஎஸ்ஸ கிளெய்ம் பண்ணிருக்கீங்க, அது எந்த வருமானத்துல புடிச்சதோ அந்த வருமானத்தக் காணோம், 15 நாளுக்குள்ள சரி பண்ணுங்கன்னு. பண்ணலைன்னா ரிட்டர்னே செல்லாதுன்னு ஆயிடலாம். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

கூட வேலை பாக்குற அக்கா அவங்களுக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் மேடம்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. மேடம் முதல்ல கேட்டது ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட். பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன், ஒரு பிங்க் மார்க்கர வச்சுக்கிட்டு வரவு ஒவ்வொண்ணுக்கும் "இது யாரும்மா"ன்னு கேட்டாங்க. 15,000 தம்பி திருப்பிக் குடுத்த கடன், அது வருமானம் இல்ல, விட்டுட்டாங்க. 8,000 ஒரு வீட்டுல மாடிப்படிய இடம் மாத்தி வரைஞ்சதுக்கு, அதுக்கு மார்க். இந்த ஜிபே காசு எதுவும் ஏஐஎஸ்-ல (நம்ம வரவுகள டிபார்ட்மென்ட் பட்டியல் போடுற ஸ்டேட்மென்ட்) கிடையாது, ஆனாலும் எல்லாத்தையும் சேர்த்தாங்க, எனக்கும் அதுதான் நிம்மதியா இருந்துச்சு.

கணக்கு இப்படி வந்துச்சு. வெளி வேலை மொத்தம் 2,75,000. ஆர்க்கிடெக்ட் வேலை 44ஏடிஏ (சில தொழில்களுக்கு வரவுல பாதிய லாபம்னு எடுத்துக்கிற பிரிவு) லிஸ்ட்ல இருக்கிறதால பாதிய, 1,37,500-ஐ, லாபமா காட்டுனா போதும், செலவு பில்லு எதுவும் வைக்க வேண்டாம் (நிஜ லாபம் பாதிக்கு மேலன்னா அதைத்தான் காட்டணும்). சம்பளத்துல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 50,000 (சம்பளக்காரங்களுக்கு மொத்தமா விடுற கழிவு) போக 5,90,000. ரெண்டும் சேர்த்து 7,27,500. சம்பளம் மட்டும்னா அந்த வருஷ நியூ ரெஜிம்ல (புது வரி முறை) 7 லட்சத்துக்குள்ள, ரிபேட்ல (வரித் தள்ளுபடி) வரி ஜீரோ. வெளி வேலை சேர்ந்ததும் 7 லட்சத்த தாண்டிருச்சு, மார்ஜினல் ரிலீஃப் (7 லட்சத்துக்கு மேல வந்த தொகைய விட வரி கூடாம குறைக்கிறது) போக, செஸ்ஸோட (வரி மேல போடுற கூடுதல் வரி) 28,600. புடிச்சது 18,000தான், ஆக ரீஃபண்ட் இல்ல, நான்தான் இன்னும் 10,600 கட்டணும். மீதி வரி 10,000 தாண்டினதால அட்வான்ஸ் டாக்ஸும் (வருஷம் முடியிறதுக்குள்ளயே கட்டுற வரி) கட்டியிருக்கணுமாம், கட்டாததுக்கு 234பி, 234சி வட்டி 742 ரூபாய். அத கட்டிட்டு நோட்டீஸுக்கு பதிலா ஐடிஆர்-4 (44ஏடிஏ வருமானம் காட்டுற ஃபார்ம்) போட்டோம், ஏத்துக்கிட்டாங்க.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். நிறைய பேர் இந்தக் காச "அதர் சோர்ஸ்"ல (இதர வருமானம்) முழுசா போட்டுடுறாங்க. நான் அப்படிப் போட்டிருந்தா வரி 43,160, 14,560 ரூபாய் சும்மா போயிருக்கும். டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், அக்கவுண்டன்ட், இன்டீரியர் இவங்கல்லாம் இந்தப் பாதி லாபக் கணக்க கேட்டு வாங்கிக்கோங்க. எல்லா ஃப்ரீலான்ஸ் வேலையும் அந்த லிஸ்ட்ல வராது, உங்க தொழில் இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க.

இப்பல்லாம் ஃபீஸ் வந்த அன்னைக்கே அஞ்சுல ஒரு பங்க தனி அக்கவுண்ட்ல தள்ளிடுறேன். இப்படிப் பாதிய லாபமா காட்டுறவங்களுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் நாலு தவணை இல்ல, மார்ச் 15க்குள்ள ஒரே தடவ. போர்ட்டல்ல கட்டும்போது எந்த வருஷத்துக்கான வரிங்கிறது சரியா இருக்கான்னு ரெண்டு தடவ பாருங்க.

—

அக்கா, ரொம்ப உதவியா இருந்துச்சு. என்னோடதையும் சொல்றேன். நான் தனியார் ஆஸ்பத்திரில சம்பளத்துல இருக்கிற டாக்டர், சாயந்திரம் சொந்த கிளினிக். வீட்டு லோன் வட்டி இருக்கிறதால எனக்கு ஓல்டு ரெஜிம்தான் (கழிவெல்லாம் கிடைக்கிற பழைய வரி முறை) லாபம். வெறும் சம்பளமா இருந்தப்போ ரிட்டர்ன்லயே டிக் பண்ணி மாத்திக்கிட்டேன், அதே மாதிரின்னு நினைச்சுட்டேன். கிளினிக் வருமானம் வந்துட்டா ஓல்டு ரெஜிம் வேணும்னா ரிட்டர்ன் கடைசி நாளுக்குள்ள (அந்த வருஷம் ஜூலை 31) 10-ஐஇஏ ஃபார்ம் தனியா போடணும்னு ஆகஸ்ட்லதான் தெரிஞ்சது. அந்த வருஷம் லோன் வட்டி, 80சி (பிஎஃப், எல்ஐசி மாதிரி சேமிப்புக்கான கழிவு) எதுவும் கிடைக்கல, நியூ ரெஜிம்லயே கட்டினேன்.

—

டாக்டர், இது எனக்கும் புதுசு. நானும் அடுத்த வருஷம் வீட்டு லோன் எடுக்கிறதா இருக்கேன். ஓல்டுக்குப் போயிட்டு திரும்ப நியூவுக்கு வர ஒரு தடவதான் விடுவாங்களாமே, கிளினிக் இருக்கிற வரைக்கும். நீங்க அடுத்த வருஷம் 10-ஐஇஏ போட்டீங்களா, இல்ல நியூவுலயே இருந்துட்டீங்களா?