பழைய ரெப்போ வரிகளை ஆன்சிபிளில் பத்திரமாக நீக்குவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் ஒரு பயிற்சி மையத்தின் கணினிகளை ஆன்சிபிள் (பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) வைத்துப் பராமரிக்கிறேன். எல்லாம் உபுண்டு 24.04.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ரெப்போவை (மென்பொருள் கிடைக்கும் இணையச் சேமிப்பகம்) ஆன்சிபிளின் டெப்822_ரெப்போசிட்டரி மாட்யூல் மூலம் சேர்த்தேன். அது புதிய முறையில் .சோர்சஸ் கோப்பை எழுதுகிறது. ஆனால் சில கணினிகளில் ஆப்ட் அப்டேட் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஆப்ட், தன் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) அப்படியே நின்றுவிடுகிறது. சைன்ட்-பை (ரெப்போவைச் சரிபார்க்கும் சாவிக் கோப்பு எது என்று சொல்லும் அமைப்பு) மதிப்புகள் முரண்படுகின்றன என்று பிழை வருகிறது. காரணம் புரிகிறது: முன்பு யாரோ கையால் சேர்த்த .லிஸ்ட் கோப்பும் அதே ரெப்போவைக் காட்டுகிறது, சாவிக் கோப்பு மட்டும் வேறு இடத்தில். இப்படி முரண்பட்டால் ஆப்ட் மொத்தப் பட்டியலையும் படிக்க மறுக்கிறது. சாதாரண எடிட்டரைக்கூட நிறுவ முடியவில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பழைய கோப்பின் பெயர் கணினிக்குக் கணினி மாறுகிறது. ஃபைண்ட் மாட்யூலில் தேடி, ஃபைல் மாட்யூலில் ஆப்சென்ட் கொடுத்து அழிக்கலாம். ஆனால் ஒரு கணினியில் அதே கோப்புக்குள் பிரிண்டர் டிரைவருக்கான வரியும் இருக்கிறது. அது போனால் அலுவலக வேலை நின்றுவிடும். லைன்இன்ஃபைல் மாட்யூலில் ரெஜெக்ஸ் (வரியைத் தேடிப் பிடிக்கும் குறியீடு) கொடுத்து அந்த வரியை மட்டும் எடுப்பதே சரி என்று நினைக்கிறேன். இதை நிறையக் கணினிகளில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? ரெஜெக்ஸை எப்படி எழுதினீர்கள்?

அப்புறம் இன்னொன்று. மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் இங்கே நெட் வர நேரமாகும். அதற்காக, ஒருமுறை இறக்கிய மென்பொருளை இங்கேயே சேமித்துத் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி வைத்திருக்கிறேன். ஹெச்டிடிபிஎஸ் ரெப்போக்கள் மட்டும் அதில் சேமிக்கப்படாமல் நேராகப் போகின்றன. இதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

குன்னூர், ஊட்டிப் பக்கம் யாராவது இருந்தால் என் பிளேபுக்கோடு (ஆன்சிபிளுக்கான கட்டளைக் கோப்பு) நேரில் வரவும் தயார்.